வாங்க, டாக்டர் வாங்!

தலைவர் ராஜரத்தினம் வாயைத் திறந்துகொண்டு, அதே சமயம் பேசாமலும் இருந்ததை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்து. பல் டாக்டர் வாங்கின் நாற்காலி. உச்சி வெயில் நேரம். தலைவர் அதில் மல்லாந்து கிடந்தார். கழுத்தைச் சுற்றித் துண்டு. வாய்க்குள் ஒரு தகரக் கரண்டி. அது நிறையக் குழைத்து வைத்த வெள்ளை மாவு. கீழ் வரிசைக்கு அச்சு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேல் வரிசைப் பல் செட்டை முன்பே கட்டிக் கொடுத்தாகிவிட்டது. இப்போது அதைக் கழற்றி, பக்கத்தில் ஒரு பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டிருந்தார்கள். அது யாரைப் பார்த்தோ சிரித்துக்கொண்டிருந்தது. அறை முழுக்கக் கிராம்புத் தைல வாசனை.

“அசையாதீங்க தலைவரே. மாவு இறுகுற வரைக்கும் பேசக் கூடாது” என்றார் டாக்டர்.

வெளியே, சந்து முனையில் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. குதிரை வண்டியின் மேல் கட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கிகள் என்னுடையவை. மைக் என்னுடையது. கோஷம் மட்டும் தலைவர் எழுதிக் கொடுத்தது.

“சீனனே வெளியேறு! சீனனே வெளியேறு!”

டாக்டர் வாங் சீனர். திருச்சி டவுனில் எங்களுக்குத் தெரிந்து இருந்த ஒரே சீனர்.

ஊர்வலம் முனைக்கு வந்ததும் ஓடிவந்து சொல்ல வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட உத்தரவு. ஓடிவந்து சொன்னேன். தலைவரின் கண்கள் என்னையும் வாசலையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தன.

அவரை அப்படியே நாற்காலியில் விட்டுவிட்டுக் கொஞ்சம் பின்னால் போய்வருகிறேன். மாவு இறுகச் சற்று நேரம் பிடிக்கும்.

சீனு என்கிற சீனன்

அந்த ஐப்பசியில் வடக்கு எல்லையில் சண்டை மூண்டது. ஹோட்டல் ரேடியோவுக்கு எதிரே கூட்டம் நின்று கேட்டது. எங்களில் இமயமலையைப் பார்த்தவர் யாரும் கிடையாது. எங்களுக்கு மலை என்றால் மலைக்கோட்டை. ரேடியோ ‘பனி’ என்று சொன்னபோது மார்கழி மாதத்தை நினைத்துக்கொண்டோம்.

ராஜரத்தினத்துக்கு விறகு மண்டி. நகரசபைக்குப் போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. சண்டை வந்த வேகத்தில் ‘எல்லைக் காவல் குழு’ என்று ஒன்றை ஆரம்பித்து அதற்குத் தலைவரும் ஆகிவிட்டார். எல்லையைக் காக்க வேண்டும், சரி. ஆனால் அது ரொம்பத் தொலைவு. போக ரயிலில் இடம் கிடைக்காது. ஆகவே எல்லையைக் காவேரிப் பாலத்துக்குக் கொண்டுவந்தார். திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே குழுவின் வாலிபர்கள் தடியோடு நின்று ஒற்றர்களைத் தேடினார்கள்.

நான் ஸ்ரீரங்கவாசி. தினமும் சைக்கிளில் கூம்பைக் கட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தால்தான் பிழைப்பு.

“ஏய், நில்லு! பின்னாடி என்னா அது, பீரங்கி மாதிரி?”

“மைக் செட்டுங்க.”

“பேரு?”

“சீனு.”

தடி நிமிர்ந்தது. “என்னாது, சீனாவா?”

“சீனு! ஸ்ரீநிவாசன்! திருப்பதிப் பெருமாள் பேருங்க!”

“திருப்பதி எந்தப் பக்கம் இருக்கு?”

“வடக்கே.”

“பாத்தியாடா, அவனே ஒத்துக்கிட்டான்!”

நெற்றியில் நாமத்தோடு, குடுமியை வெட்டிக் கிராப்பு வைத்துச் சில மாதங்களே ஆன ஓர் ஐயங்கார்ப் பையனைச் சீன ஒற்றன் என்று சந்தேகப்பட்ட பெருமை எங்கள் பாலத்துக்கு மட்டுமே உண்டு. மைக்கில் பேசுவதுபோலப் பேசிக் காட்டச் சொன்னார்கள். பாலத்தின் நடுவில் நின்று, “ஹலோ மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ” என்று காவேரிக்கு ஒலிபரப்பினேன். அது சீன பாஷை இல்லை, இங்கிலீஷ்தான் என்று ஒருவர் சான்று சொன்னபிறகு விட்டார்கள்.

அதற்குப் பிறகு சண்டை ஓயும்வரை என் அம்மா வாசலில் நின்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. “ஏண்டா, இவனே” என்றுதான் கூப்பிட்டாள்.

நானாவது பிழைத்தேன். பெரிய கடை வீதியில் ‘சீனா. வானா. ஜவுளிக் கடை’ என்று ஒன்று இருந்தது. சீனா, வானா என்பவை தாத்தா, அப்பா பெயர்களின் முதலெழுத்துகள். ஒருநாள் காலையில் பார்த்தால் பெயர்ப்பலகை முழுக்கத் தார். கடைக்காரர் தெருவில் நின்று, “ஐயா, அந்தச் சீனா எங்க தாத்தாங்க! சீனிவாசனுங்க! காரைக்குடியத் தாண்டிப் போனதே இல்லைங்க!” என்று கதறினார். தீபாவளிக்குச் சீனவெடி விற்கக் கூடாது என்று குழு தடை போட்டது. அதே வெடியைப் ‘பாரத வெடி’ என்று சொல்லி விற்றார்கள். அதே சத்தத்தோடுதான் வெடித்தது.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரிக்கிற வரைக்கும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

வாங்க என்றால் வா, வாங்கோ என்றால்?

டாக்டர் வாங் பிறந்தது இதே ஊரில். அவருடைய அப்பா சைக்கிளில் பட்டுத் துணி மூட்டையோடு ஊர் ஊராக விற்றுவந்து, காவேரித் தண்ணீர் ஒத்துக்கொண்டதால் இங்கேயே தங்கிவிட்டவர். சீனாவை டாக்டர் பார்த்தது, எங்களைப் போலவே, பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய தேசப்படத்தில்தான்.

மனைவி லூர்து மணப்பாறைக்காரி. வீட்டிலேயே முறுக்குச் சுற்றி வாசலில் வைத்து விற்பாள். “எங்க வீட்டுல எல்லாம் ஒரே தொழில்தாங்க. அவ முறுக்க வித்துப் பல்லை உடைக்கிறா, நான் கட்டுறேன்” என்பார் டாக்டர்.

“அந்தாளு பேச்சக் கேக்காதீங்க. எம் முறுக்கு வாயில வச்சா கரையும்” என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அவருக்குப் பிடித்த வேடிக்கை, அவருடைய பெயர்தான். “இந்த ஊர்ல யார் வீட்டு வாசல்ல போய் நின்னாலும் எம் பேரச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. வாங்க, வாங்கன்னு! இந்த மரியாதை வேற எந்த ஊர்ல கிடைக்கும்? ஆனா இந்த ஸ்ரீரங்கத்துக்காரங்கதான் குழப்புறாங்க. வாங்கோன்னு சொல்றாங்க. வாங், கோ! என்னை வரச் சொல்றாங்களா, இங்கிலீஷ்ல போகச் சொல்றாங்களா?”

ஒவ்வொரு முறையும் நான், “வாங்கோ டாக்டர்” என்பேன். “வரவா, போகவா?” என்பார். இருவரும் சிரிப்போம். இத்தனைக்கும் அது ஒரு சுமாரான வேடிக்கை. ஆனாலும் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

தலைவரை அவரிடம் கூட்டிப்போனதே நான்தான். பல் ஆடத் தொடங்கிய பிறகு, தலைவர் ‘ச’ என்று சொல்லும்போதெல்லாம் பல்லிடுக்கில் காற்று சீறி, என் மைக் ஊளையிட ஆரம்பித்தது. ‘சகோதர சகோதரிகளே’ என்றால் காந்தி மார்க்கெட் நாய்கள் எல்லாம் பதில் சொல்லும். தொழில் கௌரவம் பார்க்க வேண்டாமா? டாக்டர் மேல் வரிசையைக் கட்டினார். ஊளை பாதி நின்றது. கீழ்ப் பற்களையும் பிடுங்கி, ஈறு ஆறட்டும் என்று காத்திருந்தபோதுதான் சண்டை வந்தது.

அதாவது, “சீனன்” என்ற சொல்லைத் திருச்சி மேடையில் சுத்தமாக உச்சரிக்கும்படி செய்தவர் டாக்டர் வாங்.

கைத்தட்டல் இருக்கும் இடம்

மைக் செட்காரனுக்கு மேடைப் பேச்சு காதில் ஏறாது. கைத்தட்டல்தான் ஏறும். சத்தத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே நடந்ததை நான் கைத்தட்டலை வைத்தே சொல்ல முடியும்.

முதல் கூட்டத்தில் தலைவர் இமயமலையைப் பற்றிப் பேசினார். கூட்டம் கொட்டாவி விட்டது. இரண்டாவதில் காவேரிப் பாலம். கொஞ்சம் தட்டினார்கள். மூன்றாவதில், பேச்சு தொய்ந்துபோன ஓர் இடத்தில், கையைத் தெப்பக்குளம் பக்கம் நீட்டி, “எல்லை எங்கேயோ இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்! இதோ, நம் தெருவிலேயே, நம் வாய்க்குள்ளேயே கையை விடுகிறான்!” என்றார்.

நான் சத்தத்தை அவசரமாகக் குறைக்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு கைத்தட்டல்.

அவருக்கு டாக்டர்மேல் கோபம் எதுவும் கிடையாது. பேச்சாளருக்குக் கைத்தட்டல் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அதன்பின் மாடு தொட்டிக்குப் போகிறமாதிரி ஒவ்வொரு கூட்டத்திலும் அங்கேயே போனார்.

மறுநாள் டாக்டர் அவரையே கேட்டார். நானும் இருந்தேன்.

“தலைவரே, போலீஸ் வந்து ஊரைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. எங்கள மாதிரி ஆளுங்களக் கூட்டிக்கிட்டுப் போயி எங்கியோ அடைக்கிறாங்கன்னும் சொல்றாங்க. நீங்க வேற இப்படிப் பேசுறீங்க.”

“அது மேடைப் பேச்சு டாக்டர்! மேடையில சொல்றதெல்லாம் வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போகலாமா? நான் இருக்கிற வரைக்கும் உங்க மேல ஒரு தூசி விழாது. நான் ஒரு வார்த்தை சொன்னா ஊரு கேக்கும். நீங்க கீழ் வரிசைய முடிங்க.”

லூர்து காபி கொண்டுவந்து வைத்தாள். “அந்த ஒரு வார்த்தைய இன்னைக்கே சொல்லிருங்கண்ணே” என்றாள்.

“பல்லக் கட்டட்டும்மா. வார்த்தை சுத்தமா வரணும்ல?”

டாக்டர் நம்பினார். ஓடிப்போகச் சொல்லி லூர்துவின் அண்ணன் மணப்பாறையிலிருந்து ஆள் அனுப்பியும் போகவில்லை. நானும் நம்பினேன். என் தொழிலே அவருடைய வார்த்தையைப் பெரிதாக்குவதுதானே.

மாவு இறுகியது

இப்போது நாற்காலிக்கு வருவோம்.

ஊர்வலம் சந்துக்குள் நுழைந்துவிட்டது. வண்டியில் உட்கார்ந்திருந்த குழுக்காரன் ஒருவன் என் மைக்கில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். முதல் கல் பெயர்ப்பலகையில் விழுந்தது. ‘டாக்டர் வாங்’ என்பதில் ‘வாங்’ நசுங்கியது.

“தலைவரே, அந்த வார்த்தை” என்றாள் லூர்து.

தலைவர் தொண்டைக்குள் ஏதோ உறுமினார். டாக்டர் அவர் தாடையை இரண்டு விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்றார். வாசலில் கல் விழுகிறது. அந்த மனுஷர் அச்சு கெட்டுப்போய்விடுமே என்று கவலைப்படுகிறார்.

மாவு இறுகியது. கரண்டியை மெல்ல ஆட்டி எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “நல்லா வந்திருக்கு” என்றார்.

தலைவர் எழுந்தார். முன்வாசலைப் பார்த்தார். நாங்கள் மூவரும் அவரைப் பார்த்தோம். அவர் முன்வாசல் வழியாகப் போகவில்லை. சீனன் வீட்டிலிருந்து தலைவர் வெளியே வந்தால் ஊர் என்ன சொல்லும்? கொல்லைப்புறம் போய், தோட்டி வரும் சந்து வழியாக ஓடி, சுற்றிவந்து, ஊர்வலத்தின் முன்னால் குதித்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். மைக் என்னுடையது ஆயிற்றே.

“தலைவர் வாழ்க!” என்றது கூட்டம்.

கையில் மைக் வந்துவிட்டது. வாயைத் திறந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேல் வரிசை கிண்ணத்திலேயே இருக்கிறது. கீழ் வரிசை இன்னும் பிறக்கவில்லை. மீசையில் மட்டும் வெள்ளை மாவு.

“ஹவ்வை… ஹிஹுங்…” என்றார்.

அவருக்குப் பக்கத்தில் நின்ற மனிதன் நான்; அவர் ஊளையையும் சேர்த்துக் கேட்டுப் பழகிய காதுகள் எனக்கு. “அவரை விடுங்க” என்றாரா, “அவனை விடாதீங்க” என்றாரா என்று எனக்கே தெரியவில்லை.

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. அந்த நேரம் பார்த்து லூர்து முன்வாசலுக்கு வந்துவிட்டாள். இரண்டு கையிலும் அந்தப் பீங்கான் கிண்ணம்.

“அண்ணே! பல்லை விட்டுட்டுப் போயிட்டீங்களே! போட்டுக்கிட்டு அந்த வார்த்தையச் சொல்லுங்கண்ணே!”

முன்வரிசையில் நின்றவன் கிண்ணத்தைப் பார்த்தான். தலைவரின் பொக்கை வாயைப் பார்த்தான். இரண்டையும் கூட்டிப் பார்த்தான்.

“ஐயோ! தலைவர் பல்லப் புடுங்கிட்டான்டா சீனாக்காரன்!”

அதற்கு மைக் தேவைப்படவில்லை. சந்து முனைவரை ஒரு மூச்சில் போய்விட்டது. பின்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது, கட்டிப்போட்டுப் பிடுங்கினான் என்று ஆகியிருந்தது. கிண்ணம் உடைந்தது. லூர்துவின் நெற்றியும்.

தலைவர் என்ன செய்தார்? தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியிருந்தாலே போதும். அதற்குப் பல் வேண்டாம். அவர் கூட்டத்தைப் பார்த்தார். எந்தப் பேச்சுக்கும் கிடைக்காத ஆவேசம் அதன் முகத்தில் இருந்தது. மெதுவாக வாயை மூடிக்கொண்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மைக்குக்குக் கட்சி கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். மைக் செட்காரனுக்கு முதுகெலும்பும் கிடையாது என்பது அன்று ஊருக்குத் தெரியவில்லை. எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போலீஸ் வந்தது. கல் எறிந்தவர்களைக் கலைந்துபோகச் சொன்னார்கள். டாக்டரை மட்டும் அழைத்துப் போனார்கள். பாதுகாப்புக்காகத்தான் என்றார்கள். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், திருச்சிக்காரர், மரியாதை குறையவில்லை.

“வாங்க” என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்த வேடிக்கை இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. சிரிக்கத்தான் வரவில்லை. அவர் சட்டையெல்லாம் மாவு; தோளில் லூர்துவின் ரத்தம்.

“சட்டை மாத்திக்கிட்டு வரலாங்களா?”

“எதுக்குங்க சட்டையெல்லாம்? ரெண்டு நாள்ல திரும்பிருவீங்க. வாங்க.”

விழுப்புண்

அடுத்த கூட்டத்தில் தலைவர் பேசவே இல்லை. மேடையேறி, வாயைத் திறந்து, நான்கு திசைக்கும் காட்டினார். தாய்மார்கள் அழுதார்கள். என் மைக் அன்றுதான் ஊளையிடாமல் வேலை செய்தது.

பொக்கை வாயோடு நகரசபைக்கும் போய்விட்டார். நாட்டுக்காகப் பல் கொடுத்தவர் என்று பெயர். அதனால் வேறு பல் கட்டிக்கொள்ள முடியாமல் போயிற்று. விழுப்புண்ணை யாராவது மூடுவார்களா? வருஷக்கணக்கில் இட்லியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டார். உலகத்தில் கொஞ்சமாவது நியாயம் இருக்கிறது என்று எனக்கு அவ்வப்போது தோன்றுவது இந்த இட்லியால்தான்.

டாக்டரை ராஜஸ்தானத்துப் பக்கம் ஒரு முகாமில் வைத்திருப்பதாகத் தெரிந்தது. மணலும் முள்வேலியுமாம். சண்டை ஒரே மாதத்தில் ஓய்ந்துவிட்டது. முகாம் ஓயவில்லை. லூர்து முறுக்குச் சுற்றிப் பிழைத்தாள். தலைவரின் கீழ்த்தாடை அச்சு அவள் வீட்டில்தான் கிடந்தது. காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை அண்டக் கொடுத்திருந்தாள்.

பிறகு ஒருநாள் டாக்டர் திரும்பி வந்தார். பாதி ஆளாக வந்தார். பலகையை நிமிர்த்தவில்லை. யாருக்கும் பல் பிடுங்கவுமில்லை.

அவர் வந்து சில மாதங்களில் மறுபடியும் சண்டை. இந்த முறை மேற்கு எல்லையில். மறுபடியும் குழு, மறுபடியும் பாலம், தடி. இந்தத் தடவை சீனு பிழைத்தான்; அத்தர் விற்கிற பாய் மாட்டிக்கொண்டார். தலைவர் மேடையில், பாய்மார்கள் குடியிருந்த பாலக்கரைப் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்தார். ஆனால் பொக்கை வாய்ப் பேச்சு யாருக்கும் புரியவில்லை. இளவட்டமாக வேறொருவர் கைத்தட்டலை அள்ளிக்கொண்டு போனார்.

என்னைக் கூப்பிட்டனுப்பினார். “ஹீனு, டாக்டரைப் பாத்து வாயேன். அந்தக் கீழ் அச்சு இன்னும் இருக்காம்ல? அன்னைக்கி நான் ‘விடுங்க’ன்னுதான் ஹொன்னேன். பல்லில்லாததால தப்பாக் கேட்டிருச்சு. நீதான் பக்கத்துல இருந்தியே?”

போனேன். கதவு திறந்திருந்தது, அண்டக் கொடுத்த தலைவரின் தாடை அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் உள்ளே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தூரத்தில் என் கூம்பிலிருந்து கோஷம் கேட்டுக்கொண்டிருந்தது. வந்த காரியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பழைய வேடிக்கையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பட்டது. வாசலில் நின்று, பழைய குரலில், “வாங்கோ டாக்டர்!” என்றேன்.

வரவா, போகவா என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

அவர் எழுந்தார். செருப்பை மாட்டினார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் சேர்த்து வைத்துக்கொண்டு, என் எதிரே வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பின்னால் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார்.

“போலாங்க” என்றார். “இந்தத் தடவை மாத்துச் சட்டை எடுத்து வச்சிருக்கேன்.”